டெல்ஃப்ட் நீலம்: வெள்ளீயப் பூச்சு மண்பாண்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைத் தட்டில் நீலக் கோடுகள். பாய்மரப் படகு, பூச்சாடி, பம்பரம் விடும் சிறுவன். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் பாண்டங்களை முதன்முதலில் பார்ப்பவர்கள் அவற்றைப் பீங்கான் என்றே நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவை சுட்ட மண். மண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சு. அந்தப் பூச்சு சூளைக்குள் போவதற்கு முன், காய்ந்த மாவுபோல் இருக்கும் நிலையிலேயே கையால் தீட்டிய ஓவியம். பல ஆண்டுகளாக இந்தப் பாண்டங்களைத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை.

வெள்ளீயப் பூச்சு என்கிறீர்களே, நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் இதுவும் ஒன்றுதானா?

உலோகம் ஒன்று, வேலை வேறு. ஈயம் பூசுபவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் தேய்த்துப் படரவிடுவார். அங்கே வெள்ளீயம் உலோகமாகவே ஒட்டிக்கொள்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதுதான்.

குயவர் வெள்ளீயத்தை அப்படிப் பயன்படுத்துவதில்லை. காரீயத்தோடு சேர்த்து அதைக் காற்றுப்பட எரித்து, பற்பம்போல் பொடியாக்கிவிடுவார். அந்தப் பொடியை மணலோடும் உப்புகளோடும் சேர்த்து உருக்கி, ஆறவைத்து, அரைத்து, நீரில் கலக்கினால் பூச்சு தயார். காரீயமும் மணலும் மட்டும் உருகினால் தெளிந்த கண்ணாடிதான் கிடைக்கும். அடியில் உள்ள மண்ணின் பழுப்பு அப்படியே தெரியும். வெள்ளீய ஆக்ஸைடின் நுண்துகள்கள் உருகிய கண்ணாடியில் கரையாமல் நின்று, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கின்றன. பாலில் கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பால் வெள்ளையாகத் தெரிகிறதே, அதே காரணம்தான். பூச்சில் 5 முதல் 10 விழுக்காடு வெள்ளீய ஆக்ஸைடு இருந்தாலே மண் முழுவதும் மறைந்துவிடும்.

அன்று வெள்ளீயம் விலை உயர்ந்த சரக்கு. அதனால் நெதர்லாந்தின் தொடக்ககாலத் தட்டுகளில் முன்பக்கத்துக்கு மட்டும் வெள்ளீயப் பூச்சு. பின்பக்கத்துக்கு மலிவான தெளிந்த காரீயப் பூச்சு. பழைய தட்டு ஒன்றைத் திருப்பிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் இதை நேரிலேயே காணலாம்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் டச்சுக்காரர்களா?

இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் இன்றைய ஈராக்கில், பாஸ்ரா நகரத்துக் குயவர்கள் செய்தது இது. கடல்வழியாக வந்த சீனத்து வெண்கிண்ணங்கள் அவர்களைக் கவர்ந்தன. அந்த வெள்ளைக் களிமண் அங்கே கிடையாது. கிடைத்த மண்ணுக்கு வெள்ளை உடை போர்த்திவிட்டார்கள்; அதன்மேல் கோபால்ட் நீலத்தால் எழுதவும் தொடங்கினார்கள். அங்கிருந்து எகிப்து, வட ஆப்பிரிக்கா, முஸ்லிம் ஸ்பெயின், இத்தாலி என்று வித்தை நகர்ந்தது. இத்தாலியில் இதன் பெயர் மயோலிகா. ஃபாயன்ஸ் என்ற பிரெஞ்சுப் பெயர் இத்தாலியின் ஃபயென்சா என்ற ஊரிலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் குயவர்கள் சிலர் ஆண்ட்வெர்ப்பில் குடியேறினார்கள். 1585-இல் அந்த நகரம் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தபோது புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் பல வடக்கே போயின. குயவர்களும் போனார்கள்.

அப்படியானால் டெல்ஃப்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெயர்?

மூன்று காரியங்கள் ஒரே காலத்தில் கூடிவந்தன.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு அருகே சாந்தா காத்தரினா என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதிலிருந்த சீனப் பீங்கான் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தது. நீலமும் வெள்ளையும் கலந்த அந்தக் கிண்ணங்களின் மேல் ஐரோப்பாவே ஆசைப்பட்டது. பிறகு 1644-இல் மிங் ஆட்சி வீழ்ந்தது. சீனாவில் உள்நாட்டுப் போர் மூண்டு பீங்கான் வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. ஆசை இருந்தது, சரக்கு இல்லை.

அதே சமயத்தில் டெல்ஃப்டின் பழைய தொழிலான பீர் காய்ச்சுதல் நொடித்துக்கொண்டிருந்தது. கால்வாய் ஓரமாகப் பெரிய பெரிய கட்டடங்கள் காலியாயின. படகு வந்து நிற்க இடம், தண்ணீர், கிடங்கு என்று குயவருக்கு வேண்டியவை எல்லாம் அங்கே இருந்தன. அவர்கள் கட்டடத்தோடு அதன் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். பட்டறைகளுக்கு 'மயில்', 'ரோஜா', 'உலோகப் பானை' என்றெல்லாம் பெயர் இருந்ததற்கு இதுதான் காரணம். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தச் சிறிய நகரத்தில் 30-க்கும் மேற்பட்ட பட்டறைகள் இயங்கின. 'கிரேக்க ஏ' என்ற பட்டறை, இங்கிலாந்தின் அரசி இரண்டாம் மேரிக்காகப் பல அடுக்குகள் கொண்ட பூக்கோபுரங்களைச் செய்து அனுப்பியது. அவற்றில் சில இன்றும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இருக்கின்றன.

ஒரு தட்டு எப்படி உருவாகிறது?

மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். டெல்ஃப்டின் உள்ளூர் மண் மட்டும் போதாது. இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே பகுதியிலிருந்து சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணும் ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து வேறொரு மண்ணும் படகில் வரும். மூன்றையும் நீரில் கரைத்து, வடிகட்டி, சேர்த்துப் பிசைவார்கள். சுண்ணாம்புச் சத்து ஏன் வேண்டும் என்றால், சூளையில் விரிந்து ஆறிச் சுருங்கும்போது மண்ணும் பூச்சும் ஒரே அளவில் சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு வெடித்துக் கீறல் விழும், அல்லது விளிம்பில் உரிந்து வரும்.

சக்கரத்திலோ அச்சிலோ வடிவம் கொடுத்து, காயவைத்து, சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முதல் சூடு. இப்போது தட்டு பழுப்புமஞ்சளாக, நீரை உறிஞ்சும் தன்மையோடு இருக்கும். அதைப் பால்போன்ற பூச்சுக் கலவையில் ஒரு முறை முக்கி எடுப்பார்கள். சில நொடிகளில் மண் நீரை இழுத்துக்கொள்ளும். மேலே வெள்ளைப் பொடிப் படலம் நிற்கும். விரல் பட்டால் ரேகை பதியும். நகம் பட்டால் உதிரும்.

ஓவியர் கைக்கு வருவது இந்த நிலையில்தான். அவரிடம் படத்தின் கோடுகள் நெடுகிலும் ஊசியால் துளையிட்ட காகிதம் ஒன்று இருக்கும். டச்சில் இதற்கு ஸ்போன்ஸ் என்று பெயர். காகிதத்தைத் தட்டின் மேல் வைத்து, கரித்தூள் கட்டிய சிறு துணிமுடிச்சால் மெல்லத் தட்டுவார். காகிதத்தை எடுத்தால் வெள்ளைப் பரப்பில் கரும்புள்ளிகளின் வரிசை. கோலத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுப்பதுபோலத்தான்: எங்கே போக வேண்டும் என்று புள்ளி சொல்லும், எப்படிப் போவது என்பது கையின் பொறுப்பு. கரி சூளையில் எரிந்து மறைந்துவிடும்.

முதலில் மெல்லிய தூரிகையால் அடர்ந்த வெளிக்கோடு. இதற்கு ட்ரெக் என்று பெயர். பிறகு பருத்த தூரிகையில் நீர்த்த நிறம் எடுத்து உள்ளே நிரப்புவார்கள். நல்ல பாண்டங்களில் கடைசியாக ஒரு வேலை உண்டு: தெளிந்த காரீயப் பூச்சைத் தூரிகையில் எடுத்து, பனித்துளிபோல ஓவியத்தின் மேல் தெளிப்பார்கள். சூட்டில் அது உருகிப் பரவி, நீலத்துக்கு ஆழத்தையும் பளபளப்பையும் கொடுக்கும். க்வார்ட் என்று அதைச் சொல்வார்கள். பின்னர் இரண்டாவது சூடு. நெருப்பும் சாம்பலும் நேரே படாதபடி களிமண் பெட்டிக்குள், மூன்று முளைகளின் மேல் தட்டைத் தாங்கவைத்துச் சூளையில் அடுக்குவார்கள். அந்த மூன்று முளைகளின் தழும்பு தட்டின் பின்பக்கத்தில் நிலைத்திருக்கும்.

தவறாகக் கோடு போட்டுவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பப் போட முடியாதா?

முடியாது. என்னைக் கேட்டால், இந்தக் கலையின் உயிரே அங்குதான் இருக்கிறது.

எண்ணெய் ஓவியத்தில் தீட்டியதைத் துடைக்கலாம், மேலே இன்னொரு படலம் பூசலாம். இங்கே தூரிகை முனை பட்ட கணத்திலேயே பொடிப் படலம் நீரையும் நிறத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. துடைத்தால் பூச்சே பெயர்ந்து வந்துவிடும். தயங்கி நின்றால் நின்ற இடத்தில் நிறம் திரண்டு, சூட்டில் கரும்புள்ளியாக விழும். ஒரு பயிற்சிப் பட்டறையில் நான் முதன்முதலாகத் தூரிகை பிடித்தபோது, ஒரு சென்டிமீட்டர் போவதற்குள் கோடு வறண்டு நின்றுவிட்டது. சொல்லிக்கொடுத்தவர் பக்கத்தில் வந்து, தூரிகையை நிறைய நனைத்துக்கொள்ளச் சொன்னார்; முழங்கையை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னார்; கோடு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இழுக்கச் சொன்னார். தூரிகை முனையைப் பார்க்கவே கூடாது என்றார். அன்று மாலை, நாற்பதாவது ஓட்டிலோ என்னவோ, ஒரு புல்லிதழ் ஒரே இழுப்பில் வந்தது. தொடக்கத்தில் அழுத்தம், நடுவில் விரிவு, நுனியில் மயிரிழை. அந்த ஓடு இன்னும் என் மேசை மேல் இருக்கிறது.

இன்னொரு கடினம், தீட்டும்போது நிறம் நீலமாகவே தெரியாது. கோபால்ட் ஆக்ஸைடு சூளைக்கு முன் கருஞ்சாம்பலாக இருக்கும். நான்கு வகை நீலம் வேண்டும் என்றால் நான்கு வகைக் கருமையை ஓவியர் மனக்கணக்காலேயே கலக்க வேண்டும். சூளை திறக்கும் நாளில்தான் விடை தெரியும். நூறு நூறு தட்டுகளைத் தீட்டிப் பழகிய கைக்கு மட்டுமே அந்தத் தெளிவு வாய்க்கும். 350 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் எங்கே வேகமாகப் போனார், எங்கே தூரிகையைத் திரும்ப நனைத்தார் என்பதைக்கூட இன்று தட்டில் பார்க்கலாம். பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நீலம் மட்டும்தானா? வேறு நிறங்கள் இல்லையா?

உண்டு. வெள்ளீயப் பூச்சு உருகும் சூட்டைத் தாங்கும் நிறங்கள் ஒரு கைப்பிடிதான். கோபால்ட்டிலிருந்து நீலம், செம்பிலிருந்து பச்சை, மாங்கனீசிலிருந்து ஊதா, ஆண்டிமனியிலிருந்து மஞ்சள் (நம் அஞ்சனக்கல்லில் உள்ள உலோகம் அது), இரும்பிலிருந்து செம்மஞ்சளும் பழுப்பும். இத்தாலியர்கள் இவை எல்லாவற்றையும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். உர்பினோ ஊர்த் தட்டுகளில் புராணக் கதைகளே முழுக்காட்சியாக விரியும். நல்ல சிவப்பும் தங்கமும் வேண்டுமானால் மூன்றாவது முறை, குறைந்த சூட்டில் தனியாகச் சுட வேண்டும். டெல்ஃப்டில் அப்படியும் செய்தார்கள், விலை கூடியது. எல்லா நிறங்களிலும் கோபால்ட்தான் சூளையின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்துக்கொள்ளும். சீனப் பீங்கானின் நீலத்தை மக்கள் விரும்பியதும் சேர்ந்துகொள்ள, நீலம் நிலைத்துவிட்டது.

பீங்கானிலிருந்து இதை எப்படி வேறுபடுத்துவது?

விளிம்பைப் பாருங்கள். பழைய பாண்டம் என்றால் எங்காவது பூச்சு சிறிது உதிர்ந்திருக்கும்; உள்ளே பழுப்புமஞ்சள் மண் தெரியும். பீங்கான் உடைந்தால் உள்ளும் வெள்ளை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிய பீங்கானில் விரல் நிழலாடும், இதில் ஆடாது. சுண்டினால் பீங்கான் மணிபோல ஒலிக்கும். இது மட்டான ஓசை தரும்.

என்னிடம் ஒரு பழைய டச்சுச் சுவர் ஓடு இருக்கிறது. பக்கத்துக்கு 13 சென்டிமீட்டர். நடுவில் சாட்டையோடு பம்பரம் ஓட்டும் சிறுவன். அவனுக்கு முகம் இரண்டே புள்ளி, தொப்பி ஒரே வளைவு. காலடியில் தரையைக் காட்ட மூன்று கிடைக்கோடுகள். மூலைகளில் சிலந்திபோன்ற சிறு பூவேலை. சாய்த்துப் பிடித்தால் மூலைகளில் ஊசித்துளைபோலச் சிறு குழிகள் தெரியும். பச்சை மண்ணைச் சதுரமாக வெட்டும்போது அளவுப்பலகை நழுவாமல் இருக்க, அதன் அடியில் சிறு ஆணிகள் இருக்கும்; அவை குத்திய தடம் அது. இதுபோன்ற ஓடுகளைச் சுவரின் அடிப்பகுதியில் வரிசையாகப் பதிப்பார்கள். டெல்ஃப்டிலேயே வாழ்ந்த ஓவியர் வெர்மீர், பால் ஊற்றும் பணிப்பெண்ணைத் தீட்டியபோது, அவள் பின்னால் சுவரடியில் அந்த ஓடுகளையும் தீட்டியிருக்கிறார்.

கையால் தீட்டியதா, அச்சடித்ததா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அச்சில் நீலம் சிறு புள்ளிகளாகவோ சீரான கோடுகளாகவோ இருக்கும். கைவேலையில் ஒரே கோட்டுக்குள் அடர்த்தி மாறும். ஒரே படமுள்ள இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் வைத்தால் இன்னும் எளிது: இலைகள் ஒன்றுக்கொன்று சிறிதும் பிசகாமல் பொருந்தினால் அது அச்சு. அடியில் 'டெல்ஃப்ட்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி விலை கொடுக்காதீர்கள்.

இன்று டெல்ஃப்டில் விற்பது பழைய முறையிலேயே செய்ததா?

பெரும்பாலும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவே பீங்கான் செய்யக் கற்றுக்கொண்டது. ஜெர்மனியின் மைசன் தொழிற்சாலை 1710-இல் தொடங்கியது. பிறகு இங்கிலாந்துக் குயவர் வெட்ஜ்வுட் மலிவான, உறுதியான வெளிர்மஞ்சள் பாண்டங்களைக் கொண்டுவந்தார். டெல்ஃப்ட் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 1653-இல் தொடங்கிய 'பீங்கான் குப்பி' என்ற ஒரே பட்டறை எஞ்சியது. அதை 1876-இல் வாங்கிய யோஸ்ட் தோஃப்ட் கைத்தீட்டலை மீட்டார், செய்முறையை மாற்றிக்கொண்டார்: மண்ணே வெள்ளை, அதன்மேல் ஓவியம், அதற்கு மேல் தெளிந்த பூச்சு. இன்றும் அங்கே அப்படித்தான். ஓவியரின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளீயப் பூச்சு என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது.

பழைய முறை உயிரோடு இருக்கும் ஊர்களில் மெக்சிகோவின் புவெப்லா முக்கியமானது. அங்கே இதைத் தலவேரா என்கிறார்கள். ஸ்பெயினின் தலவேரா நகரத்திலிருந்து போன வித்தை. மெக்சிகோ, ஸ்பெயின் இரண்டு நாட்டுக் குயவர்களின் செய்முறையையும் சேர்த்து யுனெஸ்கோ 2019-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதில் சாப்பிடலாமா?

பழைய பாண்டத்தில் வேண்டவே வேண்டாம். பூச்சில் காரீயம் இருக்கிறது. புளி, எலுமிச்சை, தயிர், ஊறுகாய் போன்ற புளிப்புப் பொருள்கள் அதைக் கரைத்தெடுக்கும். புதிதாக வாங்கினால் காரீயம் இல்லாத பூச்சா, உணவுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். பூச்சு உதிர்ந்த தட்டை நீரில் ஊறவைக்காதீர்கள். மண் நீரைக் குடித்துக் கறைபடும்.

யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்ற பெயர் இதனால் வந்ததா?

அந்த நகரத்தின் பெயர்தான், பாண்டத்தால் வந்ததல்ல. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள், சுற்றியுள்ள தீவுகளுக்குத் தங்கள் ஊர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைக்கு லெய்டன் என்று பெயர் வைத்தார்கள். அவற்றில் டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் நன்றாகப் புழங்குகிறது. நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளைப் பார்த்தவர்களுக்கு, அதே பெயரை உடைய ஊரில் அதே ஆண்டுகளில் சூளைகள் எரிந்துகொண்டிருந்தன என்பது நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

நம் ஊரில் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

புதுச்சேரியில் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியும், அங்கே பயின்றவர்களின் பட்டறைகளும் நம் பகுதியில் கலைக்குயவுத் தொழிலுக்கு வலுவான தளம் அமைத்திருக்கின்றன. ஆனால் அவர்களின் வேலை பெரும்பாலும் 1200 டிகிரிக்கு மேல் சுடும் கல்பாண்டம். வெள்ளீயப் பூச்சு அதைவிடக் குறைந்த சூட்டைக் கேட்கும். தூரிகைப் பயிற்சிக்கு அப்படியொரு சூளை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுடாத வெள்ளைப் பூச்சு எதன்மேலும் பழகலாம். இப்போது பலர் விலை மலிவான சிர்கோனியம் கலந்த பூச்சையே பயன்படுத்துகிறார்கள். வெள்ளீயத்தின் வெண்மையில் உள்ள மென்மை அதில் வராது. கைக்கு வேண்டிய பாடம் அதிலும் கிடைக்கும்.

நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கே போகலாம்?

ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம், ஓட்டர்லோ என்ற சிற்றூரில் ஓடுகளுக்கென்றே உள்ள அருங்காட்சியகம், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், இத்தாலியில் ஃபயென்சாவின் மண்பாண்ட அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் நொறுங்கி, பிறகு மீண்டும் எழுந்தது இந்தக் கடைசி அருங்காட்சியகம்.

கண்ணாடிப் பேழைக்கு நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று, விளக்கொளி தட்டின் மேல் வழுக்கும் கோணத்தைத் தேடுங்கள். படத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு கொடியின் தண்டு போதும். நீலம் எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே தூரிகை இறங்கியது. எங்கே வெளிறி இரண்டாகப் பிரிகிறதோ அங்கே அதன் ஈரம் தீர்ந்தது.